காந்தள் தோட்டத்துத் தேனீக்கள்

அந்தத் தொட்டியைக் கீழே வைக்காதீர்கள், தம்பி. மடியிலேயே இருக்கட்டும். இந்தப் பேருந்தின் ஆட்டத்தில் வேர் கலங்கிவிடும். ஆந்தூரியம்தானே? பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த கரண்டியைப் போல ஒன்று, அதன் நடுவே ஒரு மஞ்சள் திரி. நான் குறை கூறவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க உகந்தது. மணம் இல்லை, தேன் இல்லை, வண்டு வராது, வம்பு வராது. எனக்கு வாய்த்திருக்கும் மருமகனும் ஏறக்குறைய அப்படித்தான். மதுரையில் அவன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் நாச்சிமுத்து. தாராபுரத்துக்குத் தெற்கே வேப்பமடைப்புதூர். முப்பது ஆண்டுகள் மின்கம்பம் ஏறினேன். கம்பியில் உரசும் கிளைகளை வெட்டுவதுதான் என் பணியின் பெரும்பகுதி. ஆதலால் மரஞ்செடிகொடிகளை என்னளவுக்கு நெருங்கிப் பார்த்தவர்கள் எங்கள் வட்டாரத்தில் குறைவு. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. மீதியை ஊர்க் கிளை நூலகத்தில் நானே படித்துக்கொண்டேன். என் பேச்சில் அதன் வாசனை அடிப்பதாகச் சிலர் சொல்வார்கள். அடிக்கட்டும்.

ஊரில் இந்நேரம் நான் ஓடிப்போய்விட்டதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிழையான சொல். ஓடுகிறவன் மாற்று வேட்டியைத் தேய்த்து மடித்து எடுத்துக்கொண்டு ஓடமாட்டான்.

விஷயம் இதுதான். இன்று காலை எங்கள் மாரியம்மன் கோயில் முன்பு ஒரு கூட்டம். தோட்டக்காரர்கள் நால்வர் சேர்ந்து கூட்டியிருக்கிறார்கள். நான் அவர்களை ஏமாற்றி, இந்த ஆண்டு விளைச்சலைக் கெடுத்துவிட்டேனாம். இல்லை என்றால் அம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். உங்கள் பக்கத்தில் இந்த வழக்கம் உண்டோ இல்லையோ, எங்கள் பக்கத்தில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டு ஒருவர் சொல்லும் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. பொய்யாக அணைத்தால் ஆத்தா கண்ணைப் பிடுங்கிவிடுவாள். அணைக்க வராதவன் ஏமாற்றுக்காரன் என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டவன். பிறகு அந்த ஊரில் அவன் பேச்சை ஒரு குழந்தையும் கேட்காது. எனக்கோ பேச்சைத் தவிர வேறு சொத்து இல்லை.

எனக்கு அச்சமில்லை, தம்பி. ஆனால் கடையில் விற்கும் கற்பூரம் முழுக்க முழுக்க இரசாயனம். இயற்கை வேளாண்மையில் ஈடுபட்ட ஒருவன் அதைக் கையால் தொடுவது கொள்கைக்கு முரண். கூட்டத்தில் இதை விளக்கிவிடும்படி என் மனைவி பாவாத்தாளிடம் சொல்லிவிட்டு, முதல் பேருந்தில் ஏறிவிட்டேன். அவள் அதை எப்படி விளக்கப்போகிறாளோ என்பதுதான் என் ஒரே கவலை. அவளுக்குச் சொல்வன்மை போதாது.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். மதுரை இன்னும் தூரம்.

செங்காந்தளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இதழ்களை மட்டும் மேல்நோக்கி எரியவிடுகிற பூ. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நம் மாநிலத்தின் பூ. எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு என்பார்கள். பூவுக்காக அல்ல, விதைக்காகப் பயிரிடுகிறோம். மருந்து செய்யக் கொண்டுபோகிறார்கள். கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்து ஆடி மழைக்கு முளைத்து, புரட்டாசியில் பூத்து, கார்த்திகை கடந்தும் பூத்துக்கொண்டிருக்கும். செடி முழுவதும் நஞ்சு. ஆடு வாய்வைக்காது, மாடு வாய்வைக்காது. சுயமரியாதை உள்ள கொடி.

இந்தப் பூவின் உடலமைப்பில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண் பாகமாகிய மகரந்தத் தாள்கள் ஆறும் சுற்றிலும் விரிந்து நிற்கும். பெண் பாகமாகிய சூல்தண்டோ, அவற்றோடு சண்டை போட்டுக்கொண்டாற்போல வெடுக்கென்று மடங்கி, வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்சாதி. அதனால் எங்கள் வட்டாரத்தில், காலையில் பூ விரிந்ததும் பெண்கள் கூலிக்கு வந்து, ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முனையில் தொட்டு வைப்பார்கள். பூத் தொடுவது என்று சொல்வோம். தொட்டால் காய் பிடிக்கும். தொடாவிட்டால் பூ வாடி உதிரும். இது எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிற சங்கதி.

பணி ஓய்வு பெற்று, என் அரை ஏக்கரில் காந்தள் வைத்தபோது என் மனம் இதை ஒப்பவில்லை. நீங்களே யோசியுங்கள். பிறர் இல்லறத்தில் மூன்றாம் ஆள் தலையிடுவதே நாகரிகம் இல்லை. இதில் கூலி வாங்கிக்கொண்டு தலையிடுவது என்ன நியாயம்? மனிதன் தோன்றுவதற்கு முன்பே காந்தள் இருந்தது. அப்போது எந்தக் கூலியாள் போய்த் தொட்டாள்? தேனீ இருக்கிறது, வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, காற்று இருக்கிறது. ஆகவே முதல் பூ விரிந்த அன்று பூத் தொட வந்த பெண்களை வரப்பிலேயே நிறுத்தி, இந்தக் கருத்தைச் சற்று விரிவாக எடுத்துரைத்துத் திருப்பி அனுப்பினேன்.

அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அப்போ பூவே கல்யாணத்தப் பண்ணிக்குமுங்களாண்ணா?"

"ஆம். அதுதான் இயற்கை."

"அப்ப முகூர்த்தத்துக்குச் சொல்லி உடுங்கண்ணா. மொய் வெச்சுட்டுப் போறோம்."

சிரித்துக்கொண்டே பக்கத்து ஊர்த் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அறியாமையை மன்னிக்கலாம், சிரிப்பை மன்னிக்கமுடியாது.

வீட்டில் பாவாத்தாள் அரிவாள்மனையில் உட்கார்ந்திருந்தாள். "பூவோட மானத்தக் காப்பாத்திப்போட்டீங்க. நம்ம மானத்துக்கு ஆருகிட்டச் சொல்றது?" என்றாள். "காய் புடிக்கலீன்னா எந்தம்பி சென்னியப்பன் சிரிப்பான். அவஞ்சிரிச்சா நீங்க ரெண்டு மாசத்துக்குப் பேசுவீங்க. அதக் கேக்கறது நாந்தான."

"பாவாத்தா, தேனீ என்றொரு ஜீவராசி உண்டு" என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, எனக்கு வெங்காயம் கரிக்குது. கண்ணுல தண்ணி வாரது அதுக்குத்தான். நீங்க பேசுனதுக்குன்னு நெனச்சுக்காதீங்க."

தேனீ சும்மா வருமா? அழைக்க வேண்டும். அதற்காக வரப்பு முழுவதும் நம் மண்ணுக்குரிய செடிகளை வளர்க்கத் திட்டமிட்டேன். தும்பை, துத்தி, ஆவாரை. தேங்காய்த் தொட்டிகளில் நானே நாற்று எழுப்பினேன். ஆவாரை விதையின் தோல் கெட்டி. கொதித்து இறக்கிய வெந்நீரில் ஊறவைத்தால்தான் முளைக்கும். அதற்குச் சூடு நிற்கும் பாத்திரம் வேண்டும். பாவாத்தாளின் ஈயச் சொம்பு அதற்கு உகந்ததாக இருந்தது. மறுநாள் ரசத்தில் இரண்டு விதை மிதந்ததை அவள் பெரிதுபடுத்தியிருக்க வேண்டியதில்லை. ஆவாரை உடம்புக்கு நல்லது.

இவற்றோடு நித்தியகல்யாணியும் வைத்தேன். பெயரிலேயே தமிழ் மணக்கிறது. வேலிக்கு உண்ணிச்செடி. ஆள் உயரத்துக்கு அடர்ந்து நிற்கும். உள்ளே நடப்பது வெளியே ஒருவருக்கும் தெரியாது. தோட்டக்கலை அலுவலர் ஒருவர், சிறு வயதுப் பெண், வந்து பார்த்துவிட்டு, "ஐயா, உண்ணிச்செடி கடல் தாண்டி வந்த களைங்க. காடுகள்ல நம்ம செடியை எல்லாம் மூடி அழிக்குது. நித்தியகல்யாணியும் வெளியிலிருந்து வந்ததுதான். நாட்டுச் செடித் தோட்டம்னு பலகை வெச்சுட்டு இதுகளை வளர்க்கறீங்களே" என்றார். என் பாட்டனார் உண்ணிப்பழம் தின்று வளர்ந்தவர். என் பாட்டனாரைவிட நாட்டுத்தனம் உள்ளது வேறு எது? சிலரைப் படிப்பு இப்படித்தான் கெடுத்துவிடுகிறது.

பந்தலையும் நானே போட்டேன். விராலிக் குச்சிகளை நட்டு, மேலே கம்பி இழுத்தேன். கம்பி இழுப்பது என் தொழில். எனவே மற்றவர்கள் தோட்டத்துப் பந்தலைவிட என் பந்தல் உயரம். கொடிகள் அண்ணாந்து பார்க்கும்படி ஏறின.

பிறகு என்ன, காத்திருந்தேன். காலைப் பலகாரம் முடிந்ததும் நூலகத்துக்குப் போய்விடுவேன். நூலகர் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார். நான் போனால் அவர் சீக்கிரம் திரும்பமாட்டார். அவ்வளவு நம்பிக்கை. அங்கே வருகிற இரண்டு மூன்று பேருக்குச் செய்தித்தாளை விளக்கமாக வாசித்துக் காட்டிவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும்போது வீடு திரும்புவேன். கல்யாணமான நாள்முதல் "எப்ப வருவீங்க" என்று முறைத்துக்கொண்டு கேட்டுவந்த பாவாத்தாள், அந்தப் புரட்டாசியிலிருந்து, "மெதுவா வாங்க, ஒன்னும் அவசரமில்லீங்க" என்று வாசல்வரை வந்து அனுப்பிவைக்க ஆரம்பித்தாள். வயதாக ஆகத்தான் மனைவிக்குப் புருஷன்மேல் பரிவு கூடும் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன்.

தம்பி, காய் பிடித்தது.

என் கண்ணால் பார்த்தேன். வாடின இதழுக்கு நடுவிலிருந்து பச்சையாக ஒன்று, முதலில் மிளகாய் அளவு, பிறகு விரல் அளவு. ஒன்றிரண்டு அல்ல, பந்தலின் கீழ்ப்பாதி முழுவதும். அன்றைக்கு நான் வரப்பில் நின்று தேனீக்களுக்கு நன்றி தெரிவித்து உரையாற்றினேன். பாவாத்தாள் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, உங்ககிட்ட ஒன்னு சொல்லோணும்" என்றாள். உரையின் நடுவில் இருந்ததால் நான் கேட்க இயலவில்லை.

நான் வெறுமனே மகிழ்ந்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. ஆராய்ச்சி செய்தேன். பந்தலின் மேல்பாதியில் ஒரு காய்கூட இல்லை. ஏன்? நன்றாகக் கவனித்ததில், காய்கள் எல்லாம் ஒரே உயரத்தோடு நின்றுவிட்டிருந்தன. கோடு போட்டாற்போல. அளவுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்து, பாவாத்தாளைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னேன். மிகச் சரியாக அவள் விரல்நுனி எட்டுகிற உயரம். அதிலிருந்து நான் கண்டறிந்தது என்னவென்றால், நம் நாட்டுத் தேனீ அந்த உயரத்துக்கு மேலே பறப்பதில்லை. இதுவரை எந்த நூலிலும் இது வரவில்லை.

"பாவாத்தா, நீ எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம்தான் தேனீயும் பறக்கிறது. இயற்கையின் ஒழுங்கைப் பார்" என்றேன்.

அவள் தூக்கிய கையைக் கீழே இறக்காமலே என் பக்கம் திரும்பினாள். "சாமி சத்தியமா உங்களுக்கு ஒன்னுமே தோணலீங்களா?" என்றாள்.

"தோன்றியதால்தானே சொல்கிறேன்" என்றேன்.

இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. இடையில் மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பாவாத்தாள் ஒரு வாரம் மதுரைக்குப் போயிருந்தாள். அந்த வாரம் விரிந்த பூக்களில் ஒன்றுகூடக் காய்க்கவில்லை. காரணம் எளிது. அவள் இல்லாததால் எனக்கு ஒழுங்கான சாப்பாடு இல்லை. முகம் வாடியிருந்தது. தேனீ மனிதனுடைய மனநிலையை உணரும் உயிர். அவள் திரும்பிவந்து எனக்கு ஒரு வேளை பருப்பும் நெய்யும் போட்ட மறுநாளே தேனீக்கள் வேலைக்குத் திரும்பிவிட்டன.

அவளுக்கு அந்தப் பருவத்தில் சில விநோதப் பழக்கங்களும் வந்தன. கொண்டையில் பேத்தியின் வண்ணம் தீட்டும் தூரிகையைச் செருகிக்கொள்வாள். ஏன் என்றால், "பேன் கடிச்சாச் சொறியறதுக்குங்க" என்பாள். விரல் நுனியெல்லாம் மஞ்சளாக இருக்கும். என்ன என்று நான் கேட்டால், "அது என்னன்னா..." என்று இழுப்பாள். "மஞ்சள் அரைத்தாயாக்கும்" என்று நானே முடித்துவைப்பேன். இப்படி எங்கள் இல்லறத்தில் கேள்வியையும் பதிலையும் நானே பார்த்துக்கொள்வதால் அவளுக்குச் சிரமம் இல்லை.

தை மாதம் விதை எடுத்தோம். ஊர்ச் சாவடியில் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். 'தொடாத பூவும் காய்க்கும்' என்ற தலைப்பில் பேசினேன். உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் தூங்கினார்கள் என்றாலும், நால்வர் விழித்திருந்தார்கள். என் மைத்துனன் சென்னியப்பன், பக்கத்துத் தோட்டத்து ராக்கியண்ணன், அவனுடைய பங்காளிகள் இரண்டு பேர். பூத் தொட ஆள் கிடைப்பது ஆண்டுக்காண்டு பெரும்பாடாகிவிட்டது. இந்தச் செலவே இல்லாமல் காய் வருகிறது என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? என் தோட்டத்துக்கு ஒரு கூலியாளும் வரவில்லை என்பது ஊரறிந்த உண்மை. எனவே என் வழிக்கு வந்தார்கள்.

பாவாத்தாள் மட்டும் தன் தம்பியிடம், "டேய், உங்க மச்சான் பேச்சக் கேட்டுப்போட்டுப் பூத் தொடாம உட்டறாத" என்று சொல்லியிருக்கிறாள். கணவனின் பெருமையைத் தாங்கமுடியாத மனைவிகள் உண்டு. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

"ஏங்க்கா, உங்க காட்டுல காய் புடிச்சுதா இல்லியா?" என்று அவன் கேட்டிருக்கிறான்.

"புடிச்சுது."

"ஆராச்சும் கூலிக்கு வந்தாங்களா?"

"இல்ல."

"அப்புறமென்னக்கா? மச்சானுக்கு நல்ல பேரு வந்தா உனக்குப் பொறுக்காதே."

அதற்கு மேல் அவளும் பேசவில்லையாம். கூடப் பிறந்தவனே அப்படிச் சொன்னபிறகு என்ன பேசுவாள்?

இந்த ஆண்டு புரட்டாசியில் அவர்கள் நால்வரும் பூத் தொடும் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். பூ பூத்தது. எரிகிற காடு மாதிரிப் பூத்தது. ஐப்பசி முழுவதும் வரப்பில் உட்கார்ந்து தேனீயை எதிர்பார்த்தார்கள். ஒரு காய் இல்லை. ராக்கியண்ணன் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஏதோ. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளியதுதான் மிச்சம்.

என் தோட்டத்தில் வழக்கம்போலக் கீழ்ப்பாதி முழுவதும் காய்.

நேற்று மாலை நால்வரும் வேலியைப் பிளந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். சென்னியப்பன் ஒரு காயைப் பிடித்துப் பார்த்தான். "என்னுங் மச்சான், உங்க தேனீக்கு எங்க காட்டுக்கு வழி தெரியாதுங்களா? இல்ல, உங்க ஊட்டு ரேசன் கார்டுல பேரு சேத்தி வெச்சிருக்கீங்களா?" என்றான்.

நான் நிதானமாக விளக்கினேன். "சென்னியப்பா, நீ தோட்டத்துக்குள் நின்றுகொண்டு கைப்பேசியில் கெட்ட வார்த்தை பேசுகிறாய். தேனீ கூச்ச சுபாவம் உள்ளது. ராக்கியண்ணன் பீடி குடிக்கிறான். இவர்கள் இரண்டு பேரும் வரப்புத் தகராறில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இப்படிப்பட்ட சூழலில் எந்தத் தேனீ குடும்பம் நடத்தும்?"

ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். "அண்ணா, நாங்க கோமாளி இல்லீங்க. நீங்க கமுக்கமாத் தொட்டு வெச்சுப்போட்டு எங்களத் தொடாதீங்கன்னு சொல்லியிருக்கீங்க. எங்க காடு கருகுனா உங்க வெதைக்குக் கிராக்கி. இதான சங்கதி?"

"நானா? என் ஆயுளில் ஒரு காந்தளை நான் தொட்டதில்லை."

"அதக் கற்பூரத்த அணச்சுச் சொல்லுங்க. நாளைக்கு. ஆத்தா முன்னால."

தம்பி, முட்டாள் என்று சொன்னால்கூட நான் சிரித்துக்கொண்டு போயிருப்பேன். அதற்கு ஆதாரம் காட்டமுடியாது. ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு உறக்கம் வரவில்லை. பாவாத்தாள் என் பையில் வேட்டியை வைத்துக்கொண்டே, "ஏனுங்க, போகாதீங்க. நான் சொல்றதச் சித்தக் கேளுங்க" என்றாள். கற்பூரத்தின் வேதியியலை நான் அவளுக்கு எடுத்துச்சொல்லிக்கொண்டிருந்தபடியால் அதற்கு நேரம் கூடவில்லை.

ஒரு நிமிடம் பொறுங்கள். கைப்பேசி. பாவாத்தாள்தான்.

சொல்லு. கேட்கிறது, சொல்லு. கூட்டம் முடிந்துவிட்டதா? ... எதற்கு நீ போனாய் முன்னால்? ... யார் அணைத்தது? ... நீயா? ... கை சுட்டுவிட்டதா? ... வெண்ணெய் தடவினாயா? ... சரி, என்ன சொல்லி அணைத்தாய்? ... ம். ... ம். ... என்ன? ... இன்னொருமுறை சொல்லு. ... யார் சிரித்தது? ... ராக்கியண்ணனுமா? ... நாளைக் காலையிலேயேவா? நீ சரி என்று சொல்லிவிட்டாயா? ... பாவாத்தா, வைத்துவிடாதே. பாவாத்தா.

வைத்துவிட்டாள்.

உங்களிடம் ஒரு வாய் தண்ணீர் இருந்தால் கொடுங்கள், தம்பி.

என் பாவாத்தாள் என்ன செய்தாள் தெரியுமா? கூட்டம் கூடி, நான் வரவில்லை என்று தெரிந்து, எல்லோரும் கூச்சல் போட்டிருக்கிறார்கள். இவள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நேரே அம்மன் முன்னால் போய், கற்பூரத்தைத் தானே ஏற்றி, உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்திருக்கிறாள். அணைத்துவிட்டுச் சொல்லியிருக்கிறாள்: "எங்க ஊட்டுக்காரரு ஆரையும் ஏமாத்துலீங்க. அவருக்கு ஒன்னுந் தெரியாது. அவரு லைப்ரரிக்குப் போனதும் தெனமும் நாந்தான் காட்டுக்குள்ள போயி, தூரிகைல மகரந்தத்த எடுத்து, எட்டுன மட்டுக்கும் தொட்டு வெச்சனுங்க. போன வருசமும் நாந்தான், இந்த வருசமும் நாந்தான். அவரு தேனீன்னே நம்பிக்கிட்டிருக்கறாரு."

ராக்கியண்ணன், "ஏனுங்கக்கா, இத அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க காடு தப்பிச்சிருக்குமே" என்றானாம்.

"சொல்லாமயா இருப்பேன் சாமி? அவரு வாய மூடுனாத்தான நான் வாயத் தொறக்கறது? ரெண்டு வருசமா எடம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்."

அதற்குத்தான் ஊர் சிரித்திருக்கிறது. சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து சிரித்தானாம். வெட்கம் கெட்டவன். அதோடு விடாமல் யாரோ ஒரு கிழவி, "ஏம்புள்ள, உனக்கெதுக்கு அத்தன பாடு?" என்று கேட்க, "அவரு ஊட்டுல இல்லாத அந்தக் காலை நேரந்தானுங் எனக்கு நிம்மதி. பூவு பேசாதுங்க. நானும் பேசறதில்ல. அப்படியே ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு" என்றாளாம். ஒருவரும் என்னை இனி ஏமாற்றுக்காரன் என்று சொல்லப்போவதில்லை. விவகாரம் தீர்ந்தது.

நீங்கள் ஏன் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்? தோள் குலுங்குகிறதே. எனக்கும் நெஞ்சை அடைக்கத்தான் செய்கிறது.

பாவாத்தாள் பொய் சொல்லி நான் அறிந்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரி குழம்பு எப்படி என்று கேட்டால்கூட உள்ளதைச் சொல்லிச் சண்டை வாங்கிவருவாள். ஆண்டுதோறும் அந்த அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள். அந்தச் சன்னிதியில் கால் அதிராமல் நடக்கிறவள். அப்படிப்பட்டவள், எரிகிற கற்பூரத்தில் கையை வைத்து, கண் போனாலும் போகட்டும் என்று, என் ஒருவன் பெயருக்காக ஊருக்கு முன்னால் பொய் சொல்லியிருக்கிறாள். நாற்பது ஆண்டு இல்லறத்தில் அவள் எனக்குச் செய்திருக்கிற மிகப் பெரிய காரியம் இது. அதுவும் எவ்வளவு பொருத்தமான பொய் பாருங்கள். ஓர் ஓட்டை கிடையாது. எல்லாம் ஒன்றோடு ஒன்று அப்படியே பொருந்துகிறது. நான் ஒரு கணம் நம்பிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு காலம் என் பேச்சைக் கேட்டதில் அவளுக்கும் ஆராய்ச்சி மூளை ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆனால் பொய்யில் ஒரு சங்கடம் உண்டல்லவா? அது அங்கேயே நிற்காது. அவர்கள் தோட்டங்களில் இன்னும் மொட்டு இருக்கிறது. மார்கழிவரை பூக்கும். இப்போதாவது தொட்டால் பாதியையாவது காப்பாற்றலாம். கூலிப் பெண்களோ வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அரை ஏக்கரைத் தனியாளாகத் தொட்டேன் என்று இவள் சொன்னதை நம்பி, தூரிகையால் வேகமாகத் தொடும் அந்த முறையைத் தங்கள் வீட்டுப் பெண்களுக்குக் காட்டும்படி நாளைக் காலை சென்னியப்பன் தோட்டத்துக்கு இவளை அழைத்திருக்கிறார்கள். இவளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

எப்படிக் காட்டுவாள், தம்பி? ஊரே சுற்றி நிற்கும். கையில் தூரிகையோடு இவள் விழிப்பாள். சூல்தண்டு எது, மகரந்தத் தாள் எது என்று அவளுக்குத் தெரியுமா? பொய் வெளுத்துப்போகும். ஆத்தா விட்டாலும் சென்னியப்பன் விடமாட்டான்.

நடத்துநர் ஐயா, செம்பட்டியில் ஓர் ஆள் இறங்க வேண்டும். ஆமாம், மதுரைக்குத்தான் சீட்டு. போகட்டும். எதிர்ப்பக்கம் தாராபுரத்துக்கு வண்டி எப்போது?

சற்றுக் காலை மடக்கிக்கொள்ளுங்கள், தம்பி. பையை எடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், பூத் தொடுவது எப்படி என்று நானே கற்றுக்கொடுத்துவிடுவேன். நான் தொட்டதில்லைதான். ஆனால் படித்திருக்கிறேன்.